இன்னும் எத்தனை தடம் போட்டால் புகை குறையும்?

இன்றைக்கும் பேருந்துக்காக 40 நிமிடம் நின்றேன். மேம்பாலத்துக்கு அடியில், சிக்னலை ஒட்டி, பச்சை விழுந்ததும் அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உறுமிக் கிளம்பும் இடத்தில்தான் நிறுத்தம். நின்று கிளம்பும்போதுதான் வண்டி அதிகம் கக்கும். அதை மேலே விடாமல் பாலம் மூடி போட்ட மாதிரி நிற்கிறது, இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள், புகை எந்த வழியாகப் போகும்? வரைபடத்தில் அங்கே புள்ளி வைத்தவர் ஒரு நாளாவது அங்கே நின்று மூச்சு விட்டிருப்பாரா? அம்மாவின் கையைப் பிடித்து நின்ற குழந்தையின் மூக்கு சரியாக சைலன்சர் உயரத்தில் இருந்தது. வயிறு எரிந்தது.

அதிகாரிகளைக் கேட்டால் ஒரே பதில்: நெரிசலால்தான் புகை, சாலையை அகலமாக்கினால் குறைந்துவிடும். முதல் சில மாதம் அது உண்மையாகக்கூட இருக்கலாம். அப்புறம்? சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பேருந்தில் போனவர் கார் எடுப்பார், பக்கத்தில் வேலை தேடியவர் 20 கிலோமீட்டர் தள்ளித் தேடுவார், ஊருக்கு வெளியே வீடுகள் முளைக்கும், கடைசியில் முன்பைவிட அதிக வண்டிகளோடு அதே நெரிசல். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்து 2008-இல் முடித்தார்கள். சில வருடத்திலேயே நெரிசல் திரும்பிவிட்டது. 26 தடம்! அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் டுராண்டனும் டர்னரும் 2011-லேயே சொல்லிவிட்டார்கள், நெடுஞ்சாலை எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓடும் தூரமும் கூடுகிறது என்று. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

எனக்கு ஆத்திரமே நம் அதிகாரிகள் எண்ணும் விதத்தில்தான். சாலையில் வண்டியை எண்ணுகிறார்கள், ஆளை எண்ணுவதில்லை. அவர்கள் கணக்கில் ஒரு பேருந்து என்பது இரண்டு மூன்று காருக்குச் சமமான இடத்தை அடைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். அதற்குள் 60 பேர் நெருக்கியடித்து நிற்பது அந்தக் கணக்கில் வரவே வராது. அதனால்தான் பேருந்துக்குத் தனித்தடம் கேட்டால் இடமில்லை என்கிறார்கள், கார் நிறுத்த மட்டும் நடைபாதையையே வெட்டிக் கொடுக்கிறார்கள். புகையே விடாமல் நடந்து போகிறவர்தான் அந்தப் புகையை முழுதாக இழுக்கிறார், இது என்ன நியாயம்?

வண்டியைக் குறைப்பது முடியாத காரியமும் இல்லை. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-இல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் போட்டார்கள், சோதனைக் காலத்திலேயே போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சியோலில் உயர்மட்டச் சாலையையே இடித்துவிட்டு அடியில் மூடிக்கிடந்த சோங்கேச்சோன் ஓடையை 2005-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மின்சார வண்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தயவுசெய்து யாரும் வராதீர்கள். குழாய்ப் புகை போகும், நல்லதுதான், ஆனால் டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூசி எங்கே போகும்? காற்றில் கலந்து நுரையீரலின் ஆழம் வரை போகும் பி.எம். 2.5 நுண்துகளுக்கான வருடச் சராசரி வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இவர்களோ தடத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முதலில் அந்த நிறுத்தத்தைப் பாலத்துக்கு அடியிலிருந்து எடுங்கள், பேருந்துக்கு ஒரு தடம் விடுங்கள். நாளைக் காலையிலும் அந்தக் குழந்தை அங்கேதான் நிற்கப்போகிறது.