பூ விட்ட கீரை விஷமா?

“கீரை பூத்தால் விஷமாகிவிடும், உடனே வேரோடு பிடுங்கி எறியுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பூக்கும்போது செடியின் சத்து பூவுக்கும் விதைக்கும் போகிறது. இலை சிறுக்கும், நார் ஏறும், கசக்கும், அவ்வளவுதான். லெட்டூஸ் தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். கசப்பு அதில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துதான் யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள் போல! கடுகுக்கீரையின் மொட்டையும் பூவையும், கொத்தமல்லிப் பூவையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பூவைக் கிள்ளினால் பழையபடி தழைக்கும் என்பதும் பாதி உண்மைதான். பகல் சுமார் 14 மணி நேரத்துக்கு நீண்டால் ஸ்பினாச் பூக்கத் தொடங்கும். கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும். திருநீற்றுப்பச்சிலைக்குத்தான் கிள்ளுவது நன்றாகப் பலிக்கும்.

நான் இரண்டு செடிகளையாவது விட்டுவைப்பேன். தேனீ வரும், காய் பழுப்பேறிக் காய்ந்ததும் விதை கிடைக்கும்.