ரோஸ்ட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல

பண்டிகை விருந்துக்கு மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்பவர்களைப் பயமுறுத்தும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: நறுக்கும்போது சிவப்பு நீர் வடிந்தால் அது ரத்தமாம், சாப்பிட்டால் விஷமாம்.

இது தவறு. ரத்தம் பெரும்பாலும் மாட்டை அறுக்கும்போதே வடிந்துவிடும். தட்டில் தேங்குவது தசையிலுள்ள நீர். அதற்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம்.

நிறத்தை வைத்து வெந்துவிட்டதா என்று சொல்லவே முடியாது. துண்டின் தடித்த நடுப்பகுதியில், எலும்பில் படாமல், உணவு தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். முழுத் துண்டு என்றால் 63 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். அப்புறம் 3 நிமிடமாவது அப்படியே விடுங்கள். கொத்துக்கறிக்கு 71 டிகிரி. அமெரிக்க வேளாண்மைத் துறையின் இணையதளத்திலேயே இதைச் சரிபார்க்கலாம். வீண் பயத்தில் நல்ல கறியைக் கட்டையாக வறட்டிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.