மூக்கு வழி மருந்து: பாதிதான் சரி

"மூக்கில் விட்டால் மருந்து நேராக மூளைக்குப் போகும், ஊசியைவிட வேகம், எந்த ஊசி மருந்தையும் இப்படிக் கொடுக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் சரி, மீதியை நம்பினால் ஆபத்து.

நரம்பில் ஏற்றிய மருந்தை மூக்கு வழி முந்தாது. ஆனால் வலிப்பில் உதறும் குழந்தையின் கையை அமுக்கிப் பிடித்து, ஓடும் ஆம்புலன்ஸில் நரம்பு தேடும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கேதான் மூக்கு ஜெயிக்கிறது. அதற்காகத்தான் மிடாசோலம் (வலிப்பை நிறுத்துவது), நலாக்சோன் (ஓபியாய்டு வகைப் போதை மருந்து அளவு மீறினால் முறிப்பது), ஃபென்டனில் (கடும் வலிக்கு) போன்ற சில மருந்துகளை இப்படிக் கொடுக்கிறார்கள். சில மருந்துகள்தான், எல்லாமும் அல்ல.

அப்புறம், மூக்கில் "விட்டால்" என்ற பேச்சே தப்பு. சொட்டாக விட்டால் தொண்டைக்கு வழிந்து வயிற்றுக்குப் போய்விடும். சிரிஞ்சின் நுனியில் சிறு தெளிப்பானை மாட்டி, வேகமாக அழுத்தி, பனிபோல் தெளிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து மூக்கின் உள்சவ்வில் படிந்து ரத்தத்தில் சேரும். ஒரு துளைக்கு அரை மில்லி வரை நல்லது, 1 மில்லியைத் தாண்டினால் வழியும். அதனால் அடர்த்தியான மருந்தை எடுத்து, இரு துளைக்கும் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள். மூக்கில் ரத்தமோ சளியோ அடைத்திருந்தால் சரியாக உறிஞ்சாது.

அளவும் ஒன்றல்ல. நலாக்சோனை நரம்பில் 0.4 மில்லிகிராமில் தொடங்குவதுண்டு. பரவலாகப் பயன்படும் மூக்கு ஸ்ப்ரேயில் ஒரு தெளிப்பே 4 மில்லிகிராம். ஊசிக்கான அளவை அப்படியே மூக்கில் அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்றால் குறை மருந்தில் இல்லை.