இரண்டாம் வகுப்பு படிக்கும் அம்மா

இரண்டாம் வகுப்புக் குழந்தையை ஒரே ராத்திரியில் வேலூர் கோட்டை மாடல் செய்து வரச் சொன்னால், அதை யார் செய்வார்கள் என்று மிஸ்ஸுக்குத் தெரியாதா? தெர்மாகோலுக்காக சத்துவாச்சாரியில் கடை கடையாக அலைந்தது நான். மதில் ஒட்டியது என் மகளின் அப்பா. அகழியில் தண்ணீர் வேறு தெரிய வேண்டுமாம்! நல்லவேளை, முதலை கேட்கவில்லை. பிள்ளை பாதியிலேயே தூங்கிவிட்டாள். மார்க் பத்துக்கு ஏழு. எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான்.

இது புராஜெக்ட் மட்டும். தமிழ் இரட்டைக் கோட்டு நோட்டு, இங்கிலீஷ் நாலு கோட்டு நோட்டு, வாய்ப்பாடு, அப்புறம் ஹிந்தி. எல்லாம் இன்றே எழுத வேண்டும், நாளைக்கு டெஸ்ட். இந்த ஊர் வெயிலில் வெந்து வருகிற பிள்ளை எப்போதுதான் விளையாடும்?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதே வருடம் மத்திய அரசும் சொன்னது. எங்கள் பள்ளிக்கு 2018 இன்னும் வந்து சேரவில்லை போல.

கேட்டால், "மத்த பேரன்ட்ஸ் இன்னும் நிறைய கொடுக்கச் சொல்றாங்க மேடம்" என்கிறார்கள். யாருங்க அந்தப் பேரன்ட்ஸ்? ஒரு தடவை கண்ணில் காட்டுங்களேன்!