கெயர் விசாவுக்கு ஈடு வைச்ச காணி

பிரெக்சிற்றோட, அதாவது பிரிட்டன் யூரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினதோட, பிரிட்டனுக்கு ஆக்கள் வாறது குறைஞ்சிட்டுது எண்டு கட்டுரையில போட்டிருக்கிறீங்கள், அது யூரோப் ஆக்களுக்குச் சரி, மொத்தக் கணக்குக்குச் சரியில்லை. 2020 கடைசியோட யூரோப் சனம் நினைச்ச மாதிரி வந்து வேலை செய்யிறது நிண்டுது, பிறகு வயோதிபர் இல்லங்களில பாக்க ஆளில்லாமல் 2022 பெப்ரவரியில கெயர் வேலைக்கு வெளிநாட்டாக்களுக்கு விசா திறந்தவங்கள். 2023 நடுப்பகுதியில போறவையைக் கழிச்சும் வருசத்துக்கு 9 லட்சத்துக்குக் கிட்ட ஆக்கள் கூடினது அப்பிடித்தான், மாணவர் விசாவும் சேர்த்து.

2016 பிரெக்சிற் வாக்கெடுப்புக்கு அடுத்தநாளே பவுண்ஸ் 1985க்குப் பிறகு டொலருக்கு ஆகக் கீழ போச்சு, அதின்ர அடி இஞ்சயும் விழும், அங்க இருந்து அண்ணன்மார் அனுப்புற காசில வன்னியில எத்தினை அடுப்பு எரியுது.

என்ர வயித்தெரிச்சல் அந்தக் கெயர் விசாதான். கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வயல்காணியை ஈடு வைச்சு, தாலிக்கொடியை அடைவு வைச்சு ஏஜென்சிக்குக் கட்டிப்போட்டுப் போனவை, போன இடத்தில வேலையே இல்லை, வெளிநாட்டாக்களை வேலைக்கெடுக்கிற கம்பனியின்ர லைசென்ஸ் பறிபட்டா 60 நாளுக்குள்ள வேற ஸ்பொன்சர், அதாவது அந்த லைசென்ஸ் உள்ள வேற கம்பனி, தேடோணும், கடனுக்கு வட்டி இஞ்ச ஏறிக்கொண்டிருக்கும். 2024 மார்ச்சில இருந்து மனுசி பிள்ளையளைக் கூப்பிடேலாது எண்டாங்கள், 2025 ஜூலையில வெளிநாட்டில இருந்து புதுசா ஆளெடுக்கிறதையே நிப்பாட்டிட்டாங்கள். இதுக்குப் பிறகும் லண்டன் கெயர் விசா எடுத்துத் தாறன் எண்டு ஆராவது வந்தா தயவுசெய்து காணி உறுதியைக் குடுத்திடாதேங்கோ.