கண்ணைக் காட்ட 20 வளைவு இறங்க வேண்டுமா?

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து 11 வருடம் ஆகிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் கண்ணை யாரிடமும் காட்டியதில்லை, காட்டச் சொல்லி யாரும் சொன்னதுமில்லை. போன தை மாதம் மிளகுக் கொடி பக்கம் நின்றவர், "கண்ணு முன்னால ஒட்டடை தொங்குற மாதிரி இருக்கும்மா" என்று போன் செய்தார். சேலத்துக்கு அழைத்து வந்து காட்டினேன். விழித்திரையில் ரத்தக்கசிவு. வருடத்துக்கு ஒரு படம் எடுத்திருந்தாலே முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்றார் மருத்துவர். அந்த ஒரு வரியைத்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் குறையாது. உள்ளே ரத்தக் குழாய்கள் மெல்லக் கெட்டுக்கொண்டே போகும். விழித்திரையைப் படம் எடுத்தால்தான் தெரியும். படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. அதைப் பார்த்துச் சொல்லும் கண் மருத்துவர்தான் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த இடத்தில் உண்மையிலேயே உதவும் என்று நம்புகிறேன். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு கணினி நிரலைப் பழக்கி, அது கண் மருத்துவர்களுக்கு நிகராகப் பாதிப்பைக் கண்டுபிடிக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஆய்வுக்கான படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளில் இருந்து போனது. நம் மக்களின் கண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கருவி அது. நம் மலைக்கு ஏறி வர வேண்டாமா?

வந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இதே கூகுள் கருவியைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். 2020-இல் அந்த அனுபவம் ஆய்வாக வெளியானது. அறையில் வெளிச்சம் சரியில்லை, படம் தெளிவில்லை என்று ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் கருவி ஏற்கவில்லை. இணையம் மெதுவாக இருந்ததால் மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். படம் தேறவில்லை என்றால் வேறு ஊர் போய்க் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து, இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சில நர்சுகளே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஏற்காடுதான் ஞாபகம் வந்தது. பனி இறங்கினால் எங்கள் வீட்டில் போன் சிக்னலே நிற்காது.

இதற்கு வழியும் இருக்கிறது. மும்பை மாநகராட்சியின் மருந்தகங்களில் செல்போன் கேமராவால் படம் எடுத்து, இணையம் இல்லாமல் அந்தப் போனிலேயே முடிவு பார்த்திருக்கிறார்கள். படம் எடுத்தவர் கண் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர் அல்ல, ஒரு சுகாதாரப் பணியாளர். 2019-இல் வெளியான ஆய்வு இது. நம்மிடம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையோடு வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கேமராவும் வரட்டும். இதைத்தான் கேட்கிறேன்.

சரி, கேமரா "பாதிப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டது. அப்புறம்? லேசர் வைக்க வேண்டுமென்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் கூலி போகும். கூட ஒருவர் வந்தால் அவர் கூலியும் போகும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், தனியாகத் திரும்ப முடியாது. இதையெல்லாம் யோசிக்காமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால், நோய் இருக்கிறது என்ற பயத்தைத்தான் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு வருவோம். படம் எடுக்கும் அன்றைக்கே சேலத்தில் எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போய்வர வண்டி வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஒரு நிரலை 2019-இல் ஆராய்ந்தார்கள். நோயை நேராகப் பார்க்காமல் மருத்துவச் செலவை வைத்து அது முடிவெடுத்திருக்கிறது. கறுப்பின மக்களுக்குச் செலவு செய்யப்பட்டது குறைவு என்பதால், அதே அளவு நோய் இருந்தும் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறது. அப்பாவின் மருத்துவ நோட்டையும் அப்படி ஒரு நிரல் பார்த்தால் என்ன சொல்லும்? 11 வருடத்தில் கண் சம்பந்தமாக ஒரு வரி இல்லை. நல்ல கண் என்றுதான் சொல்லும். மலையில் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போவதே அபூர்வம். போகாதவர்களின் பெயர் கணினியில் இருக்காது. அவர்களை எண்ணாமல் செய்யும் எந்தக் கணக்கும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

அப்பாவுக்கு வலது கண்ணில் பாதிதான் தெரிகிறது. இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். எதிர் வீட்டு அக்காவுக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. அவரும் இதுவரை கண்ணைக் காட்டியதில்லை. இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.