அத்தைகளின் நாவல்தான், அதனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு. அதனால் அந்தத் தம்பி பேசியதை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. பெயரும் வேண்டாம். நன்றாகப் பேசக்கூடியவர், நிறையப் படித்தவர். கல்கி எழுதிய சோழர் காலக் கதையான ‘பொன்னியின் செல்வ’னை மட்டும் ஒலிப்புத்தகமாக, இரட்டை வேகத்தில், மூன்றாம் பாகம்வரை கேட்டிருக்கிறார். அதை அவரே மேடையில் பெருமையாகச் சொன்னார். பிறகு, இது மத்தியானத் தூக்கம் வராத அத்தைகளுக்காக எழுதப்பட்ட நாவல் என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த நானும் பாதிச் சிரிப்புச் சிரித்துவைத்தேன். மூன்று நாளாக உறுத்துவது அதுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அது தொடர்கதை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாரம் கொஞ்சமாக, மணியத்தின் ஓவியங்களோடு வந்த தொடர்கதை. 180 வாரங்களுக்கு மேல் பரிமாறிய சாப்பாட்டை ஒரே இலையில் கொட்டச் சொல்லி, அதையும் நின்றுகொண்டே விழுங்கிவிட்டு, வயிறு உப்புகிறது என்று சமையல்காரரைத் திட்டுவதற்குப் பெயர் விமரிசனமா?

“நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்” என்பது அவர் குறை. ஆமாம், சொல்கிறார்கள். போன வாரம் இதழ் கைக்கு வராதவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்தவர்கள், அந்த வீட்டோடு சண்டை வந்து இரண்டு வாரத்தைத் தவறவிட்டவர்கள், படிக்கத் தெரியாமல் காதால் மட்டும் கேட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்களை நடுவழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஓர் எழுத்தாளர் நினைத்தால் அது வளவளப்பா?

வீரநாராயண ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய், அதாவது தண்ணீர் வெளியேறும் வழி, என்ற விவரம் எதற்கு என்றும் கேட்டார். தம்பி, அந்த ஏரிதான் இன்றைய வீராணம். கதை தொடங்கும் நாள் ஆடிப்பெருக்கு. வாய்க்காலில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்தக் கணக்கை யாரும் தாண்டிப் படித்திருக்க மாட்டார்கள். உங்களுக்குக் குழாயில் வருகிறது. அது உங்கள் குற்றம் இல்லை. கல்கியின் குற்றமும் இல்லை.

என் அத்தைக்கு எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். தொடர் வந்தபோது மாயவரம் பக்கத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்தில் பன்னிரண்டு வயதுப் பெண். இதழ் முதலில் தாத்தாவின் கைக்குப் போகும், பிறகு பெரியப்பாக்கள், அப்புறம் ஆண்பிள்ளைகள். அத்தையின் முறை வருவதற்கு நான்கைந்து நாள் ஆகிவிடும். அதற்குள் கதையை யாராவது அவர் காதில் போட்டுக் கெடுத்துவிடுவார்கள். ஆனாலும் படிப்பார். படித்ததும் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பாதுகாத்து, கல்யாணத்துக்குப் பிறகு கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்து ஐந்து பைண்டாகக் கட்டினார். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் வேறு யாரோ எழுதிய கட்டுரை பாதியில் நிற்கும், தலைவலி மருந்து விளம்பரம் இருக்கும். நான் படித்தது அந்தப் பைண்டில்தான். மத்தியானத்தில்தான். அத்தை தூங்கமாட்டார், உண்மைதான். அவருக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

சரி. கருத்துப் பெட்டியில் என்ன வரும் என்று தெரியும். முதலில், “இது வரலாறு இல்லை, நந்தினி என்று ஒருத்தியே இல்லை.” இல்லைதான்! காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானவர்களைக் குறித்து, அவர்களின் உறவினர் நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அதில் நந்தினி இல்லை. நாவலில் வரும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் எந்தக் கல்லிலும் இல்லை. இது நாவல் என்பதை எழுபது ஆண்டு கழித்துக் கண்டுபிடித்துக் குற்றப்பத்திரிகை வாசிப்பவர்களை என்ன செய்வது? இவர்களுக்கு நேரெதிர்க் கட்சி ஒன்று உண்டு, நந்தினியின் மாளிகை எங்கே என்று கேட்டுக்கொண்டு பழுவூருக்குப் பஸ் ஏறும் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரே வியாதிதான்.

அடுத்து, அதே கல்வெட்டு ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்று பிராமண அதிகாரிகளுக்குரிய பட்டம் தருகிறதே, அவன் நாவலில் வெறும் மந்திரவாதியாக வருகிறானே, கொலைகாரர்களின் சாதியை ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் நல்ல பதில் இல்லை. மேலே போகிறேன்.

பெண்களை வர்ணித்தே பக்கத்தை நிரப்புகிறார் என்பார்கள். வானதி ஒவ்வொரு தடவை மயங்கி விழும்போதும் எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் அந்த நாவலில் அரசியல் நடத்துவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பழையாறையில் குந்தவை, தஞ்சையில் நந்தினி. ஆண்கள் பாதிப் பேர் ஓலை சுமக்கிறார்கள், மீதிப் பேர் ஏமாறுகிறார்கள். கோடிக்கரையிலிருந்து தன்னந்தனியாகப் படகை எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போய்வருகிற பூங்குழலியை, வாசல் தாண்ட அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு பெண் வாரவாரம் படித்தாள். அவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று இரட்டை வேகத்தில் தெரியாது.

“கடைசிவரை கொலைகாரன் யாரென்றே தெளிவாகச் சொல்லவில்லை, ஏமாற்று வேலை” என்று 2022, 2023-இல் திரைப்படங்கள் வந்த பிறகு படித்தவர்கள் குமுறுகிறார்கள். நீங்கள் முதல் ஆள் இல்லை. 1954-இலேயே வாசகர்கள் முடிவு சட்டென்று வந்துவிட்டது என்று குறைப்பட, கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். போர் எங்கே என்று தேடுகிறவர்களும் உண்டு. ஐந்து பாகத்தின் உச்சம் ஒருவன் கைக்கு வந்த மகுடத்தை இன்னொருவன் தலையில் வைப்பது. கடைசிப் பாகத்தின் பெயரே ‘தியாகச் சிகரம்’. வாள்வீச்சுக்காக வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் பார்த்தால், எனக்குக் கோபம் நாவலைப் பற்றிச் சொன்னதில் இல்லையோ என்று தோன்றுகிறது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அரசர் பெருமை அலுக்கிறது என்று சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். சோழன் எங்கள் சாதி என்று பதாகை கட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கும் அலுப்புதான். ஆனால் ஒரு புத்தகத்தைச் சிறியதாக்க வேண்டுமென்றால் ‘அத்தைகள் படிப்பது’ என்று சொன்னால் போதும் என்று எங்கே கற்றுக்கொண்டீர்கள்? ‘சித்தப்பாக்கள் படிப்பது’ என்று எதையாவது இதுவரை யாராவது இளக்காரமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அத்தைகள் வாரவாரம் காத்திருந்து படித்ததால்தான் அது உங்கள் காதொலிப்பான்வரை வந்திருக்கிறது. “உணர்ச்சிவசப்படுகிறீர்கள்” என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம்.

அத்தையின் இரண்டாம் பாகத்துப் பைண்டில் ஒரு வாரம் இல்லை. நடுக்கடலில் மின்னல் விழுந்து கப்பல் எரிகிற இடம். யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அந்த இடம் வரும்போது பைண்டை மூடிவிட்டு அத்தையே கதையைச் சொல்வார். பொன்னியின் செல்வரையும் வந்தியத்தேவனையும் படகில் ஏற்றிக்கொண்ட பூங்குழலி, நீச்சல் தெரிந்தால் மட்டும் போதுமா, புத்தி வேண்டாமா என்று இரண்டு பேரையும் கரைவரை திட்டிக்கொண்டே வருவாள். கல்லூரியில் அச்சுப் புத்தகம் கிடைத்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் புரட்டினேன். அந்தத் திட்டு அதில் இல்லை. அத்தையிடம் சொன்னபோது, “அவர் எழுதாமல் விட்டிருப்பார்” என்றார்.

பைண்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. போன தடவை படம் போட்டதும் பதினோரு பேர் உள்பெட்டியில் இரவல் கேட்டீர்கள். தர மாட்டேன்.